திருப்புடைமருதூர் – முக்கூடல் ஆற்றங்கரைப் பூங்கா: துடுப்புப் படகு, கரைநடை, படித்துறை. எப்படிச் செய்தால் நிற்கும்?

#1 பொருநைக்கரை

தாமிரபரணிக் கரையில் சுற்றுலா என்றதும் பேச்சு பாபநாசத்துக்கும் அகத்தியர் அருவிக்கும் போகும், இல்லையென்றால் நெல்லை குறுக்குத்துறைக்கு வந்து நிற்கும். கடனாநதி வந்து கலக்கிற திருப்புடைமருதூரிலிருந்து முக்கூடல் வழியாக அரியநாயகிபுரம் அணைக்கட்டு வரையுள்ள பகுதியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நாறும்பூநாதர் கோயில், அதன் கோபுர நிலைகளுக்குள் இருக்கும் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும், பறவைகள் காப்பகம், கல் படித்துறைகள், முக்கூடல் முத்துமாலை அம்மன் கோயில், கரையில் மருத மரங்கள் என்று எல்லாமே நடக்கிற தூரத்தில் உள்ளன.

மனதில் இருக்கும் வரைவு இது. திருப்புடைமருதூரில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் ஏறி, நீரோட்டத்தோடு முக்கூடல் வந்து இறங்குவது. கரையோரமாக நடைபாதை. வழியில் படித்துறைகளையும் மண்டபங்களையும் சீர்செய்து விவரப் பலகை வைப்பது. முக்கூடல் பக்கம் மரத்தாலான படகுத்துறை, நுழைவு வளைவு, பாதை நெடுக விளக்கு.

படகு எங்கே ஏற்றி எங்கே இறக்கலாம், வெள்ளம் வந்தால் எது தாங்கும், பறவைகளுக்கும் பாசனத்துக்கும் இடைஞ்சல் வராமல் எப்படிச் செய்யலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வரைவைத் திருத்தி எழுதி ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் கொடுக்க எண்ணம்.

#2 மதகடி

பூங்காவுக்கு முன்னால் அணைக்கட்டைப் பேசிவிடுவோம். இந்தத் திட்டத்தில் ஆள் சாகக்கூடிய இடம் அதுதான்.

தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள், அதாவது தண்ணீர் மேலே வழிந்தோடும் தாழ்ந்த குறுக்குச் சுவர்கள். நீங்கள் சொல்லும் பகுதி நான்காவதான அரியநாயகிபுரத்துக்கு மேலே இருக்கிறது. மேலேயிருந்து படகில் வருகிறவனுக்கு அணைக்கட்டு கண்ணில் படாது. ஆறு சமமாக நீண்டு போவதுபோலத் தெரியும், கோடு போட்டதுபோல ஓரிடத்தில் முடியும். கிட்டே வந்தபிறகுதான் சத்தம் கேட்கும்.

தண்ணீர் விழுந்த இடத்தில் அப்படியே ஓடிப்போவதில்லை. சுவரடியில் கீழே பாய்ந்து, கொஞ்சம் தள்ளி மேலே எழும்பி, மேற்பரப்பில் மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். அதற்குள் விழுந்த ஆளையும் படகையும் சுவரோடு சேர்த்துப் பிடித்துவைத்துச் சுற்றும். நீரில் காற்றுக் குமிழி நிறையக் கலந்திருப்பதால் மிதக்கும் தன்மை குறையும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் தலை அமிழும். ஆள் உயரம்கூட இல்லாத சுவரிலும் இது நடக்கும். கோடையில் கல்சரிவில் ஒழுகிக்கொண்டிருக்கும் அணைக்கட்டைப் பார்த்துவிட்டு 'இதில் என்ன இருக்கிறது' என்று முடிவு செய்யாதீர்கள். அதே சுவரில் நடுத்தர அளவு தண்ணீர் போகும்போதுதான் அந்தச் சுழல் முழுதாக உருவாகும்.

இரண்டாவது ஆபத்து மணல்போக்கி மதகும், அங்கே பிரியும் கோடகன் காலின் (பாசன வாய்க்காலின்) தலைமதகும். ஷட்டர் கொஞ்சம் தூக்கியிருந்தாலும் அடியில் இழுப்பு உண்டு. மேற்பரப்பு அமைதியாகத் தெரியும். படகு குறுக்காகப் போய் மதகில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் அழுத்தத்தில் கவிழும், ஆள் அடியில் மாட்டுவார்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஓட்டம் நொடிக்கு 1 மீட்டர் என்றால், அணைக்கட்டுக்கு 200 மீட்டர் மேலே துடுப்பைத் தவறவிட்டவருக்கு இருப்பது மூன்று நிமிடம் 20 நொடி. கரையிலிருந்து உதவி கிளம்பவே அது போதாது. ஆகவே இறங்குதுறை அணைக்கட்டிலிருந்து குறைந்தது அரை கிலோமீட்டர் மேலே இருக்கட்டும். முக்கூடல் பக்கம் இடம் பார்க்கும்போது முதல் அளவுகோல் இதுதான்.

#3 துடுப்பு_நெல்லை

மதகடி அண்ணாச்சி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, வரைவில் ஒன்றை மாற்றச் சொல்கிறேன். திருப்புடைமருதூரில் ஏறி முக்கூடலில் இறங்கும் ஒருவழிப் பயணம் வேண்டாம்.

ஒருவழி என்றால் எல்லாப் படகும் அணைக்கட்டை நோக்கியே போகும். களைத்துப்போன ஆள், முதல்முறை துடுப்புப் பிடித்த ஆள், படமெடுத்துக்கொண்டே மிதந்த ஆள் எல்லோரும் பயணத்தின் கடைசியில், கை ஓய்ந்த நேரத்தில், ஆபத்தான இடத்துக்கு வந்து சேர்வார்கள். படகுகளை வண்டியில் ஏற்றி மறுபடி மேலே கொண்டுபோகும் செலவு தனி.

மாறாக, முக்கூடல் துறையில் ஏறி முதலில் எதிர்நீரோட்டத்தில் மேலே போகட்டும். கை தளர்ந்ததும் திரும்பினால் ஆறே கொண்டுவந்து விடும். மேலே போக முடியாதவர் அன்றைக்கு அந்த ஆற்றில் இருக்கக் கூடாதவர். அது துறைக்கு எதிரிலேயே, ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓட்டத்தைத் தினமும் காலையில் அளக்க வேண்டும். கரையில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பு நட்டு, பாதி தண்ணீர் நிரப்பி மூடிய பிளாஸ்டிக் பாட்டிலை நடு ஆற்றில் விட்டு நொடி எண்ணுங்கள். 40 நொடிக்கு மேல் எடுத்தால் நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவு, புதியவர்களை விடலாம். 20 முதல் 40 நொடி என்றால் பழகியவர்கள் மட்டும், கூடவே வழிகாட்டி. 20 நொடிக்குள் கடந்தால் அன்று படகு கிடையாது. நிதானமாகத் துடுப்புப் போடும் புதியவரின் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 1.1 மீட்டர். நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். அளவு இப்படி வைத்ததற்குக் காரணம் இதுதான்.

#4 பொருநைக்கரை

சரிதான், ஆனால் ஒரு சந்தேகம். முக்கூடல் துறை அணைக்கட்டுக்கு அருகில் உள்ள முனை. அங்கே ஏறும்போதே ஒருவர் கீழ்ப்பக்கம் போய்விட்டால்? மேலேயிருந்து திரும்பி வருகிறவர் துறையைத் தவறவிட்டால்?

#5 துடுப்பு_நெல்லை

அதற்குத்தான் மிதவைக் கயிறு. துறைக்குக் கீழே ஆற்றை மறித்துக் கட்டுவது. கட்டும் கோணத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஆற்றுக்கு நேர்குறுக்காகக் கட்டினால் மிதந்துவரும் படகு கயிற்றில் பக்கவாட்டாக மோதி, ஓட்டம் அடியில் தள்ளக் கவிழ்ந்துவிடும். காப்பாற்றக் கட்டிய கயிறே ஆளைப் பிடித்துவைக்கும். சாய்வாகக் கட்ட வேண்டும். எதிர்க்கரையில் மேலே ஒரு முனை, துறை இருக்கும் கரையில் கீழே மறுமுனை. கயிறு ஓட்டத்தோடு 30 முதல் 45 பாகைக்குள் இருந்தால், மோதிய படகு நிற்காமல் கயிற்றை ஒட்டியே வழுக்கி நம் கரைக்கு வரும். வந்து சேரும் இடத்தில் ஏறிக்கொள்ள ஒரு சின்ன மண்சரிவு வைத்துவிடுங்கள்.

18 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் கயிறு போதும், அது மிதக்கும். 2 மீட்டருக்கு ஒரு ஆரஞ்சு மிதவை. கரையில் மரத்தில் கட்டாதீர்கள். பட்டை அறுந்து மரம் பட்டுப்போகும். ஒரு கனமீட்டர் கான்கிரீட் கட்டையைக் கரைக்குள் புதைத்து, துருப்பிடிக்காத வளையம் போடுங்கள். எதிர்க்கரை முனை சட்டென்று கழற்றிவிடக்கூடிய கொக்கியாக இருக்க வேண்டும். வெள்ளம் வரும்போது அதைக் கழற்றினால் கயிறு தானாகச் சுழன்று நம் கரையோரம் ஒதுங்கிக்கொள்ளும். அமலைச்செடி (ஆகாயத்தாமரை) சேர்ந்தால் கயிற்றின் மேல் சுமை பல மடங்காகும். வாரம் ஒருமுறை தள்ளிவிடாவிட்டால் கட்டை பெயர்ந்துவிடும்.

#6 வீரவநல்லூரான்

படகு, கயிறு எல்லாம் சரி. விவசாயி பக்கத்தையும் கேளுங்கள். இந்த ஆறு கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் பாயும் ஆறு. அணைக்கட்டுக்கு மேலே தண்ணீர் தேங்கியிருக்க வேண்டும், படகு ஓட வேண்டும் என்று பூங்காக்காரர்கள் ஷட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அன்றைக்கே சண்டை வரும். மாடு குளிப்பாட்டும் துறை, துணி துவைக்கும் துறை, வயலுக்கு டிராக்டர் இறங்கும் வழி இவற்றையெல்லாம் வேலி போட்டு மறிக்கவும் கூடாது. அரியநாயகிபுரத்திலிருந்துதான் நெல்லை மாநகராட்சிக்குக் குடிநீர் எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#7 மதகடி

வீரவநல்லூரார் சொன்னதை வரைவின் முதல் பத்தியிலேயே போடுங்கள்: 'நீர் திறப்பிலும் அடைப்பிலும் பூங்காவுக்கு எந்த உரிமையும் கிடையாது, இருக்கிற தண்ணீரில் படகு ஓடும், இல்லாவிட்டால் ஓடாது.' இந்த வரி இல்லாமல் நீர்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று கேட்டுப் போக வேண்டாம். கேட்டாலும் விவசாயிகள் சங்கம் எதிர்க்கும், எதிர்ப்பதில் நியாயமும் இருக்கும்.

குடிநீர் எடுப்பதால் மோட்டார் படகு அறவே வேண்டாம். மீட்புப் படகும் துடுப்பிலேயே ஓடட்டும். படகு கழுவ சோப்பு கூடாது. கழிப்பறை ஆற்றுப் புறம்போக்கில் வரக் கூடாது. சாலைப் பக்கம், வெள்ளக்கோட்டுக்கு மேலே, அடைத்த தொட்டியோடு. உறிஞ்சுகுழி வெட்டினால் ஆற்று மணலுக்குள் கழிவு நேராக இறங்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பாபநாசம் அணை நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, இரண்டும் இணைந்தவை. மணிமுத்தாறு 118 அடி, அது கல்லிடைக்குறிச்சிக்கு மேலேயே வந்து சேர்ந்துவிடும். உங்கள் பகுதியின் தலையிலேயே கடனாநதி கலக்கிறது. அதற்கு மேலே கடனா அணை, ராமநதி அணை. இத்தனை திறப்பும் இங்கே வந்துதான் கூடும். அணைகளுக்குக் கீழே பெய்யும் மழைக்கு ஷட்டரே கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அணைத் திறப்பும் காட்டாற்று வெள்ளமும் ஒன்றாகச் சேர்ந்துதான் அப்படி ஓடியது. ஆகவே எச்சரிக்கை ஏற்பாட்டில் ஐந்து அணைகளின் திறப்புச் செய்தியும் வேண்டும், கடனாநதி கலக்கும் இடத்துக்கு மேலே இரு ஆறுகளிலும் நீர்மட்டம் காட்டும் அளவுக்கல் ஒவ்வொன்றும் வேண்டும். அங்கே மட்டம் ஏறத் தொடங்கியதிலிருந்து முக்கூடலில் ஏறும்வரை எத்தனை நிமிடம் என்று ஒரு கார் பருவம் முழுக்கக் குறித்து வையுங்கள். படகு கரைசேர உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான்.

#8 நாரைக்கூடு

துடுப்பு_நெல்லை சொன்ன சுற்றுப்பயண யோசனை பறவைகளுக்கும் நல்லது. காரணம் சொல்கிறேன்.

திருப்புடைமருதூர் பறவைகள் காப்பகம் 2005 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது, பரப்பு 2.84 ஹெக்டேர்தான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தத்தால் வந்த 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்ற வகையில் நாட்டிலேயே முதலாவது. ஊர்க்காரர்கள் ஏற்கெனவே காத்துவந்த கூடுகளுக்கு அரசு கொடுத்த அங்கீகாரம் அது. மருதமும் மற்ற பெரிய மரங்களும் கோயிலையும் ஆற்றையும் ஒட்டியே நிற்கின்றன. அந்த மரங்களுக்கு நேர் எதிரில் படகுத்துறை வைத்தால் காப்பகமே அர்த்தமில்லாமல் போகும்.

கூட்டமாகக் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைகள் சத்தம் கேட்டு ஒரே நேரத்தில் எழும்பும். அப்போது கூட்டு விளிம்பில் நிற்கும் குஞ்சு தடுமாறிக் கீழே விழும். விழுந்த குஞ்சைத் தாய் தரையில் ஊட்டாது. முட்டையுள்ள கூட்டில் காகம் இறங்க இரண்டு நிமிடம் போதும். முட்டையும் சிறு குஞ்சும் வெயிலில் காயாமல் தாய்ப்பறவை இறகை விரித்து நிழல் கொடுக்கிறது. நண்பகலில் அதை எழுப்பிவிடுவது கொல்வதற்குச் சமம்.

படகு மேலே போகும் எல்லையைக் கூட்டு மரங்களிலிருந்து குறைந்தது 300 மீட்டர் கீழேயே நிறுத்துங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை அந்த எல்லையில் மஞ்சள் மிதவை, தாண்டக் கூடாது. பறவை பார்க்க விரும்புகிறவர் நடந்து வரட்டும். நான்கைந்து பேர் கொண்ட குழு, மரத்தடியில் நிற்காமல் தள்ளி ஒரு மறைவுத்தட்டி, காலை 9 மணிக்குள் அல்லது மாலை 4 மணிக்கு மேல். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று மணல்திட்டு. கோடையில் தண்ணீர் வற்றித் திட்டு தெரியும்போது படகை ஓட்டிப்போய் ஏறி நிற்க எல்லோருக்கும் ஆசை வரும். ஆற்று ஆலாவும் ஆட்காட்டியும் அதே வெறும் மணலில்தான் முட்டையிடும். முட்டை கூழாங்கல் நிறம், மிதித்தபின்தான் தெரியும். மார்ச் முதல் மே வரை திட்டில் இறங்கத் தடை என்று எழுதிவிடுங்கள். நீர்நாய் இருக்கும் ஆறு இது. கரையில் பாறை இடுக்கும் நாணல் புதரும் அதன் வீடு. 'சுத்தம் செய்கிறோம்' என்று ஜே.சி.பி. விட்டு நாணலை வழித்தெடுக்காதீர்கள். சீமைக்கருவேலத்தை மட்டும் எடுங்கள், அதையும் கட்டம் கட்டமாக. ஒரே மூச்சில் எடுத்தால் கரை மண் அடுத்த வெள்ளத்தில் சரியும். எடுத்த இடத்தில் அந்த மழைக்காலத்துக்கு முன்பே நாணலும் நீர்மருதும் ஊன்றிவிட வேண்டும்.

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது. பூங்கா வருவதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கையை ஒப்பிட அந்தப் பதிவு உதவும்.

#9 பொருநைக்கரை

அப்படியானால் திருப்புடைமருதூர் நடையாகவும், முக்கூடல் படகாகவும் பிரிந்துகொள்கின்றன. நன்றாகவே இருக்கிறது. மரப் படகுத்துறையும் விளக்கும் பற்றி யாரும் சொல்லவில்லையே?

#10 சரளைப்பாதை

நான் சொல்கிறேன், மூன்றையும் எடுத்துவிடுங்கள்: மரத்துறை, வளைவு, விளக்கு.

ஆற்றங்கரையில் கட்டுகிற எதையும் 'இதன் மேல் வெள்ளம் ஏறி இறங்கினால் என்ன ஆகும்' என்று கேட்டுத்தான் வரைய வேண்டும். வளைவின் தூணில் மரமும் குப்பையும் சிக்கும், தண்ணீர் ஒதுங்கிப் பக்கத்துக் கரையை அறுக்கும். கிராதி வேலி போட்டால் அதுவே குப்பைத் தடுப்பாகிச் சாயும். பேவர் கல் பதித்த பாதையில் விளிம்பு ஒரு முழம் அரித்தால் போதும், அடியிலுள்ள மணல் ஓடி வரிசையாகப் பெயர்ந்துபோகும். விளக்குக் கம்பம் இரவில் பறவைகளுக்கும் நீர்நாய்க்கும் தொல்லை. பூங்காவே மாலை 6 மணிக்கு மூட வேண்டியது; பிறகு விளக்கு எதற்கு?

பாதைக்கு அகலம் 1.2 மீட்டர் போதும். 10 செ.மீ. மேல்மண்ணை எடுத்துவிட்டு, செம்மண் கலந்த சரளை 15 செ.மீ. கொட்டி, நீர் தெளித்து உருளை ஓட்டுங்கள். ஆற்றுப் பக்கமாக 100-க்கு 4 சாய்வு. நடுவில் மேடாக வைத்தால் இரண்டு பக்கமும் ஓடை விழும். நீளவாட்டில் 100-க்கு 8-க்கு மேல் ஏற்றம் வந்தால் சரளை மழையில் உருண்டுவிடும். அங்கே மட்டும் கல் படி. வயல் வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் குழாய் புதைக்க வேண்டாம், அடைத்துக்கொள்ளும். இரண்டு கருங்கல் பலகையைக் குறுக்கே போட்டால் தண்ணீரும் போகும், தூர்வாரவும் எளிது. டிராக்டர் இறங்கும் வழி வந்தால் பாதை அங்கே நின்று மறுபக்கம் தொடரட்டும். வழி விவசாயிக்குச் சொந்தம்.

உட்காரக் கருங்கல் பலகை, இரண்டு கல் காலில். காலை அரை மீட்டர் மண்ணுக்குள் இறக்கிச் சுண்ணாம்பு–ஜல்லி இடுங்கள். வெள்ளம் போனபின் கழுவிவிட்டால் முடிந்தது.

படகு இறக்க ஏற்கெனவே உள்ள படித்துறை முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், குளிக்கிறவர்களுக்கு அது வேண்டும். பக்கத்தில் 2 மீட்டர் அகலத்தில் எட்டுக்கு ஒன்று சாய்வில் கல் பாவிய சரிவு போதும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் வைத்தால் பன்னிரண்டுக்கு ஒன்று. கல்லின் மேற்பரப்பு பொளிந்ததாக இருக்கட்டும். மெருகேற்றிய கல்லில் பாசி பிடித்தால் முதல் நாளே எலும்பு முறியும். சரிவின் அடிமுனை கோடைத் தாழ்மட்டத்துக்கும் 30 செ.மீ. கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் வற்றிய நாளில் சேற்றில் முடியும், கடைசிக் கல் அரித்துத் தொங்கும்.

மிதவைத் துறை வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், அரை மீட்டர்ச் சதுர எச்.டி.பி.இ. (கெட்டிப் பிளாஸ்டிக்) மிதவைக் கட்டிகளால் ஆனதை வாங்கி, செப்டம்பர் கடைசியில் கழற்றி மேட்டில் அடுக்கி, ஜனவரியில் மறுபடி கோக்க வேண்டும். அதைச் செய்ய ஆள் உறுதியாக இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

#11 கல்லெழுத்து

படித்துறை, மண்டபம் சீரமைப்பு பற்றி.

கல் படித்துறையில் கல் கெடுவதில்லை, அடிமண் போகிறது. வெள்ளத்தில் இடுக்கு வழியாக மண் கரைந்து உள்ளே பொந்து விழும், படி முன்னால் சாயும். மேலே சிமெண்டு பூசினால் பார்க்க நேராகத் தெரியும், பொந்து அப்படியே இருக்கும். சாய்ந்த படிக்கல்லை எண் போட்டு (சாக்பீஸ் மட்டும், பெயின்ட் கூடாது) எடுத்து, அடியில் உடைகல்லும் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து கெட்டித்து, அதே கல்லை அதே இடத்தில் வைக்க வேண்டும். கலவை 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல்–செங்கல்தூள். சுண்ணாம்பை நீற்றி இரண்டு வாரமாவது தண்ணீரில் ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் சுவரில் இருந்து பின்னால் பொரிந்து உதிரும். கல்லோடு கல்லை இணைக்க இரும்புப் பட்டை போட்டால் துரு ஊதிக் கல் பிளக்கும். துருப்பிடிக்காத எஃகு அல்லது பழைய முறைப்படி கல் ஆப்பு.

இந்த வேலையைக் கோடையில் ஆறு வற்றியிருக்கும்போது தொடங்கி, கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் வருவதற்குள் முடிக்க வேண்டும். சுண்ணாம்பு இறுக மூன்று வாரம் ஈரச் சாக்குப் போட்டு வைக்க வேண்டும் என்பதால் உண்மையில் கையில் இருப்பது ஏப்ரலும் மே முதல் பாதியும்தான்.

மண்டபத் தூணிலோ படிக்கல்லிலோ எழுத்துத் தென்பட்டால் உடனே வேலையை நிறுத்தித் தொல்லியல் துறையைக் கூப்பிடுங்கள். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது, எனாமல் அடிப்பது, எழுத்துக்குள் சுண்ணாம்பு நிரப்பிப் படமெடுப்பது எல்லாமே எழுத்தைக் கொல்லும். வெறும் தண்ணீரும் மிருதுவான நார்ப் பிரஷும் போதும். கோயிலுக்குச் சொந்தமான படித்துறை என்றால் அறநிலையத்துறை அனுமதி தனி. நாறும்பூநாதர் கோபுர ஓவியங்களைப் பூங்காவின் 'காட்சிப்பொருள்' பட்டியலில் சேர்க்காதீர்கள். உள்ளே படிகள் குறுகல், மூச்சின் ஈரமும் கைபடுவதும் சுவரோவியத்துக்கு எதிரி. கீழே ஒரு நல்ல புகைப்படப் பலகை இருந்தால் மேலே ஏறாமலே பார்த்த நிறைவு கிடைக்கும்.

பலகை எழுதப்போகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. முக்கூடல் என்றதும் முக்கூடற்பள்ளைக் கொண்டுவந்து இங்கே ஒட்டிவிடுவார்கள். அந்த நூலின் முக்கூடல் இது இல்லை. அது நெல்லைக்குக் கிழக்கே, பொருநையோடு சிற்றாறும் கயத்தாறும் கூடுகிற சீவலப்பேரி. கல்லில் வெட்டியபின் திருத்த முடியாது.

#12 பொருநைக்கரை

அந்தப் பள்ளு விஷயம் என் வரைவில் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது, எடுத்துவிட்டேன். மிக்க நன்றி. கல்லில் வெட்டும் பலகை எப்படி இருக்கலாம்?

#13 கல்லெழுத்து

இரும்புத் தகட்டில் ஒட்டுப்படம் ஒட்டினால் ஒரு வெயிலில் வெளுக்கும். 5 செ.மீ. கனக் கருங்கல் பலகை, இடுப்பு உயரத்தில், படிக்கிறவரை நோக்கி 30 பாகை சாய்வாக. எழுத்து உயரம் 2 செ.மீ., ஒரு பலகைக்கு 70 சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி போதும்: இந்தப் படித்துறை எதற்குக் கட்டியது, இந்தக் கால் எந்த ஊருக்குப் பாய்கிறது, இந்த மரம் என்ன. அணைக்கட்டைப் பற்றி ஒரு பலகை கட்டாயம் வையுங்கள். கல்லைச் சாய்வாக அடுக்கி ஆற்றைத் திருப்பிக் காலில் விட்ட அந்த வேலைப்பாடுதான் இந்த ஊர்களின் ஆகப் பெரிய மரபுச்சின்னம், கோயிலுக்கு ஈடாக.

2023 வெள்ளம் ஏறிய உயரத்தையும் மண்டபத்துக்குப் பக்கத்தில் தனிக் கல் நட்டுக் கோடு போட்டுக் காட்டுங்கள். மண்டபத் தூணில் வெட்ட வேண்டாம்.

#14 வீரவநல்லூரான்

தைப்பூசத்தன்று திருப்புடைமருதூர்த் தீர்த்தவாரிக்குச் சுற்றுவட்டாரமே ஆற்றில் இறங்கும். அன்றும் ஆடி அமாவாசை, தை அமாவாசைகளிலும் படகு வேண்டாம். அந்த நாட்களில் ஆற்றில் விடும் பழைய துணிகளுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். அடியில் கிடக்கிற வேட்டி சேலை காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தவனும் தப்ப மாட்டான்.

#15 துடுப்பு_நெல்லை

உண்மை. படித்துறை மேல்படியில் மூடியுள்ள பெரிய தொட்டி வைத்து, அமாவாசைக்கு மறுநாள் காலை எடுத்துவிட வேண்டும். தொட்டி தண்ணீரைவிட்டுத் தள்ளியிருந்தால் யாரும் போடமாட்டார்கள், குளித்து ஏறும் வழியிலேயே இருக்கட்டும். வாரம் ஒருமுறை துறையைச் சுற்றி 20 மீட்டருக்குக் கொக்கிக் கம்பால் அடியைத் துழாவுங்கள். அப்படியே ஆழத்தையும் குறித்துவிடலாம். மணல் அள்ளிய பழைய குழிகள் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும் ஆழத்துக்கு இறங்கும். கவிழ்ந்தவர் 'நின்றுவிடலாம்' என்று கால் ஊன்றும் இடம் அது. குழி இருக்கும் இடங்களுக்குச் சிவப்பு மிதவை.

சாமான் விவரம் கேட்பார்கள், அதையும் போட்டுவிடுகிறேன். மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த கயாக் வாங்குங்கள். உள்ளே கால் நுழைக்கும் வகை புதியவர்களுக்கு ஆகாது, கவிழ்ந்தால் வெளியேறத் தெரியாது. ஒருவர் படகு 3 மீட்டர் நீளம், 20–25 கிலோ. இருவர் படகு 30 கிலோவுக்கு மேல். தொடக்கத்தில் இருவர் படகு ஆறு, ஒருவர் படகு நான்கு, வழிகாட்டிகளுக்கு இரண்டு. ஒரு வழிகாட்டிக்கு ஐந்து படகுக்கு மேல் கூடாது, ஆகவே ஒரு முறைக்குப் பத்துப் படகுதான். துடுப்பு 220–230 செ.மீ., பத்துக்கு இரண்டு கூடுதல். லைஃப் ஜாக்கெட் 50 நியூட்டன் மிதப்பு, குழந்தைகளுக்குத் தனி அளவு, கவட்டுப் பட்டையோடு. பெரியவர் சட்டையைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் சட்டை மேலே வரும், குழந்தை கீழே போகும். தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதைத் தொட்டால் அது அளவில்லை.

வழிகாட்டி ஒவ்வொருவரிடமும் 20 மீட்டர் வீசுகயிற்றுப் பை, விசில், கத்தி. மிதவைக் கயிற்றுக்குப் பக்கத்தில் கரையில் ஒருவர், படகு தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம், வேறு வேலை இல்லாமல். டிக்கெட் கிழிக்கிற ஆளையே அங்கே நிறுத்திவைத்தால் அந்த ஏற்பாடு இல்லாததற்குச் சமம். ஆற்றோடு பழகிய உள்ளூர் மீன்பிடிப்பவர்களை முதலில் கூப்பிடுங்கள். சுழல் எங்கே, பாறை எங்கே என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீசுகயிறும் முதலுதவியும் மட்டும் பயிற்சி கொடுத்தால் போதும்.

கெடுவது பெரும்பாலும் படகின் வடிகால் அடைப்பான். தொலைந்தால் உடம்புக்குள் தண்ணீர் ஏறிப் படகு ஒருபக்கம் சாயும். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் இறக்குமுன் கையால் திருகிப் பார்க்க வேண்டும், உபரியாக இருபது வாங்கி வையுங்கள். படகை வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப் பிளக்கும். ஓலைக் கொட்டகையில், பக்கவாட்டாக நிறுத்தி, இரண்டு இடத்தில் அகலப் பட்டையால் தாங்கிவைக்க வேண்டும். அடிப்பக்கம் கீழாகப் பல மாதம் அடுக்கிவைத்தால் பள்ளம் விழும்.

பலத்த மழைக்குப் பின் இரண்டு நாள் படகு விடாதீர்கள். வயல், தெரு, மாட்டுத்தொழுவக் கழிவெல்லாம் அப்போதுதான் ஆற்றுக்கு வரும், எலிக்காய்ச்சல் ஆபத்து. காலில் புண் இருந்தால் எந்த நாளிலும் ஏற்ற வேண்டாம்.

#16 மதகடி

படகு மாதங்களை இப்படி எழுதலாம்: ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை முழுமையாக, ஏப்ரல், மே தண்ணீர் இருந்தால், ஜூன் முதல் செப்டம்பர் வரை அன்றன்றைய ஓட்ட அளவைப் பார்த்து, அக்டோபர், நவம்பர், டிசம்பர் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் 'இன்றைக்கு வெயில்தானே' என்ற பேச்சுக்கே இடமில்லை, மழை மேலே மலையில், மாஞ்சோலையில் பெய்துகொண்டிருக்கும். செப்டம்பர் 30 அன்று படகு, மிதவை, கயிறு மூன்றும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

படித்துறைப் பக்கக் கல்லில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டை அடிக்கத் தோன்றும், வேண்டாம். கல்லெழுத்து சொன்ன காரணம்தான். தனியாக ஓர் அளவுக்கல் நட்டு அதில் அடியுங்கள். பட்டையின் உயரத்தை மனம்போல் முடிவு செய்யக் கூடாது. நொடிக்கு அரை மீட்டர் ஓட்டம் வரும் நாளில் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே பச்சை முடியும், 1 மீட்டர் வரும் நாளில் நிற்கும் இடத்தில் சிவப்பு தொடங்கும். அணைக்கட்டு ஷட்டர் திறந்திருந்தால் மட்டம் தாழ்வாகவும் ஓட்டம் வேகமாகவும் இருக்கும் என்பதால் கல்லை மட்டும் நம்ப வேண்டாம், காலையில் பாட்டில் கணக்கும் சேர்த்தே பாருங்கள்.

#17 பொருநைக்கரை

வரைவைத் திருத்திவிட்டேன். வளைவு, மரத்துறை, விளக்கு மூன்றும் நீக்கம். அந்தப் பணம் அளவுக்கற்கள், மிதவைக் கயிறு, மூன்று காவலர் சம்பளம் ஆகியவற்றுக்குப் போகிறது. முதல் ஆண்டு படகே வாங்காமல் ஓட்டமும் ஆழமும் பறவைக் கணக்கும் எடுப்பது, ஏப்ரலில் ஒரே ஒரு படித்துறையைச் சுண்ணாம்பில் சரிசெய்வது, சரளைப் பாதையில் முதல் ஒரு கிலோமீட்டர் போடுவது என்று மாற்றியிருக்கிறேன். அந்தப் பாதை ஒரு வடகிழக்குப் பருவமழையைக் கடந்தபின் மீதி.

ஒன்று மட்டும் பாக்கி. மிதவைக் கயிற்றின் எதிர்க்கரைக் கட்டையை மேலே எவ்வளவு தள்ளிப் போடுவது?

#18 துடுப்பு_நெல்லை

அந்த இடத்தில் ஆற்றின் அகலத்தை நாடா பிடித்து அளங்கள். அகலம் 80 மீட்டர் என்றால், 45 பாகைக்கு 80 மீட்டர் மேலே, கயிறு 113 மீட்டர். 30 பாகைக்கு 139 மீட்டர் மேலே, கயிறு 160 மீட்டர். வேகம் கூடிய இடமென்றால் 30-ஐ எடுங்கள். தொய்வுக்கு நூற்றுக்குப் பத்து கூட்டி வாங்குங்கள். கயிற்றின் நடு வயிறு ஓட்டத்தில் கீழே வளையும். அந்த வளைவு கரைமுனையைவிடக் கீழே தொங்கினால் படகு நடு ஆற்றிலேயே பையில் விழுந்ததுபோல் நின்றுவிடும். கட்டிய அன்றே ஆளில்லாத படகை மேலேயிருந்து மூன்று இடங்களில் விட்டுப் பாருங்கள். மூன்றும் கரைக்கு வந்து சேர்ந்தால்தான் கோணம் சரி.

#19 வீரவநல்லூரான்

அளக்கப் போகும்போது சொல்லுங்கள் தம்பி. எதிர்க்கரையில் கட்டை போடும் இடம் பட்டா நிலமா புறம்போக்கா என்று கிராம வரைபடத்தோடு வந்து பார்த்துவிடுவோம். பட்டாவாக இருந்தால் நிலத்துக்காரரிடம் முதலில் பேசிவிட்டுத்தான் நாடாவையே விரிக்க வேண்டும்.